வேலை போனாலும் பேறுகால உரிமை போகாது

தோட்டத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு ஒருநாள் காலைப் பெரட்டில் எழுகிறது. அங்கே நிற்கும் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் மனத்தில் இரண்டு கேள்விகள். வேலை நிலைக்குமா? பிள்ளைப்பேற்றுப் பணம் கிடைக்குமா? இவ்விரண்டுக்கும் சட்டம் ஒரே நாளில் விடை சொல்லிவிடவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத்தான் சொல்லியிருக்கிறது.

1919ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு முதன்முதலாக வாஷிங்டன் நகரில் கூடியது. பிரசவத்துக்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் ஓய்வு வேண்டும், அந்த நாட்களில் வேலைநீக்க நோட்டீசு கொடுக்கக் கூடாது என்று அது ஓர் உடன்படிக்கை வகுத்தது. ஆனால் அது ஆலைகளுக்கும் வணிக நிலையங்களுக்கும் உரியது. வயலிலும் தோட்டத்திலும் உழைத்த பெண்களுக்கு 1921இல் ஒரு பரிந்துரை மட்டுமே கிடைத்தது.

மலாயாவில், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மாநிலங்களுக்கான 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் பெண்களுக்குப் பேறுகால உதவித்தொகை இடம்பெற்றது. இது துரைமார்களின் கருணையால் வந்ததன்று. 1922இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் இயற்றி, கடல் கடந்து போகும் தன் மக்களின் நிலையைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தது. ஆள் வேண்டுமானால் ஆளைக் காக்கவும் வேண்டும் என்ற நெருக்கடி அப்போது உண்டாயிற்று.

ஆயினும், தோட்டமே கைமாறினால் என்ன ஆவது? 1950களில் இந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலை போயிற்று, லயத்து வீடும் போயிற்று. இந்த அவதியைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

இதற்கிடையே, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957 சூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பேறுகாலப் பாதுகாப்புக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. அப்பகுதியிலுள்ள ஒரு விதியை நம் பெண்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு முந்திய 4 மாதங்களில் ஏதேனும் ஒரு சமயம் வேலையில் இருந்து, முந்திய 9 மாதங்களில் மொத்தம் 90 நாட்களாவது அதே முதலாளியிடம் வேலையில் இருந்திருந்தால் பேறுகாலச் சம்பளம் உண்டு. உயிருடன் உள்ள பிள்ளைகள் ஐந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச்சு இறுதியில் வேலை நின்று, சூன் நடுவில் குழந்தை பிறந்தால், பழைய முதலாளி அந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நான்கு மாதத்துக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்தவள், வேலையை விட்டுப் போகுமுன்பே கர்ப்பத்தை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். கூச்சத்தால் வாய் திறக்காமல் போனால் உரிமை கைநழுவிவிடும்.

1980ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆள்குறைப்புக்கு நஷ்டஈடு வகுத்தன. ஓராண்டு முதல் ஈராண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். இது வேறு, பேறுகாலச் சம்பளம் வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைக் கழிக்க இடமில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பேறுகால விடுமுறையில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வது குற்றம் என்கிறது சட்டம். ஆனால் விடுமுறை தொடங்குமுன், வயிற்றில் பிள்ளையோடு வேலை செய்யும் மாதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்தது. தீபகற்ப மலேசியாவில் 2023 சனவரி 1 முதல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அன்று முதல் கர்ப்பிணியை நீக்க மூன்றே காரணங்கள் உண்டு: வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறுதல், ஒழுங்கீனம், தொழில் மூடப்படுதல். காரணத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளியே. அதே நாளில் 60 நாள் விடுமுறையும் 98 நாளாக உயர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆட்கள் அதிகம், பத்துப் பேரைக் குறைக்கிறோம் என்பது ஆள்குறைப்பு. அது அந்த மூன்று காரணங்களில் இல்லை. தொழிலையே மூடுவதுதான் இருக்கிறது. நம் பெண்ணின் தோட்டம் மெய்யாகவே மூடப்பட்டால் அவள் வேலை போகலாம். அப்போதும் கர்ப்பத்தை முன்கூட்டியே அறிவித்திருந்தால் பேறுகாலப் பணம் அவளுக்கு உண்டு. சேவைக் காலத்துக்குரிய நஷ்டஈடும் உண்டு.

ஆகவே தாய்மார்களே, கர்ப்பம் உறுதியானதும் ஆபீசில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நகல் ஒன்றையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் சங்கத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ செல்லுங்கள். நூறு ஆண்டுகளில் கிடைத்த உரிமை, ஒரு கடிதம் எழுதாததால் போய்விட வேண்டாம்.