வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா? புதுச்சேரிக்காரர்கள் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மீன் தொட்டி வைத்துப் பழகியவர்களின் அடுத்த ஆசை, பவளங்கள் நிறைந்த கடல் தொட்டி. அதாவது 'ரீஃப் டேங்க்'. கடற்கரை ஊரான புதுச்சேரியில் இது ஈஸிதானே என்று தோன்றும். ஆனால், வெளிநாட்டு யூடியூப் வீடியோவைப் பார்த்து அப்படியே இறங்கினால் ஜெயில் வரை போகும் சிக்கல் இருக்கிறது.

புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை, அது விலங்கு. மன்னார் வளைகுடாவில் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போயின.

2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை உருவாக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் இதில் அடக்கம். தொட்டிக்காரர்கள் தேடி அலையும் ஆக்ரோபோரா, ஹாமர், டார்ச், பிரெய்ன் எல்லாமே கடினப் பவளங்கள்தான். செத்துக் காய்ந்த துண்டுக்கும் இதே சட்டம்தான்.

முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

'இந்தோனேசியா சரக்கு சார்' என்றால்?

கடைகளில் அடிக்கடி கேட்கும் பதில் இது. ஆனால் அட்டவணையில் இருப்பது கடினப் பவள வரிசை மொத்தமும். எந்த நாட்டுக் கடல் என்ற பிரிவு அதில் இல்லை. சைட்டீஸ் எனும் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்திலும் கடினப் பவளங்கள் உண்டு, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவை எல்லை தாண்ட முடியாது. கடைக்காரர் தரும் சாதாரண பில் இதற்கு ஈடாகாது. பிடிபட்டால், முறைப்படி வைத்திருப்பதாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது. அதனால் காசு கொடுக்கும் முன்பே புதுச்சேரி வனத்துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று 'லைவ் ராக்'. அழகுக்கு வைக்கும் அந்தக் கல் பெரும்பாலும் பவள எலும்புக்கூடுதான். அதற்குப் பதில் சிமெண்ட் அல்லது செராமிக்கில் செய்த கல்லே போதும்.

அப்போ எதைத்தான் வளர்ப்பது?

மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென் வகைகளின் பெயர் அட்டவணையில் இல்லை. அதற்காகக் கடலில் இறங்கிப் பிய்த்து வரலாம் என்று அர்த்தமில்லை. இறக்குமதி ஆவணம் இவற்றுக்கும் வேண்டும். சோவாந்தஸ் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய விஷம் இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள், ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

பராமரிப்பும் சும்மா இல்லை. தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். புதுச்சேரி மே மாத வெயிலில் சில்லர் இல்லாமல் அது நடக்காது. கரண்ட் போனால் தண்ணீரைச் சுழற்றும் பம்ப் நின்றுவிடும், இன்வெர்ட்டர் கட்டாயம். பீச்சில் குடம் பிடித்து வரும் தண்ணீரும் உதவாது. கரையோரம் கலங்கல், மழைக்காலத்தில் உப்பும் குறையும். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை என்பதே வழக்கம். தொட்டி செட் ஆகவே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைக் கல்லும் கோமாளி மீனும் போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டையின் கடல் உயிரியல் மையமும் இந்த மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. பவளம் இல்லாமலும் அது வாழும்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், பயந்துபோய் கடலில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. தொட்டியில் வந்த நோயும் அந்நிய உயிரினங்களும் அங்கே பரவிவிடும். வனத்துறையிடம் தெரிவித்து, அவர்கள் சொல்லும்படி ஒப்படைப்பதே பாதுகாப்பான வழி.