எலும்பு விடாத உலோகம்

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பல் டாக்டரின் பெயர்ப்பலகையில் ‘இம்ப்ளான்ட்’, அதாவது தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் பொருத்துவது, இல்லாமலிருப்பது இன்று அபூர்வம். இன்றைய இம்ப்ளான்டுக்கு வழிவகுத்தவர் பல் டாக்டரே அல்ல. அவர் தேடியதும் பல்லுக்கு மாற்றை அல்ல.

1952. சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற இளம் ஆய்வாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினார். முயலின் கால் எலும்பில் சின்ன டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே நுண்ணோக்கியில் கவனித்தார். சோதனை முடிந்து கழற்றப் போனால் கூடு வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது.

உடலுக்குள் வைத்த அந்நியப் பொருளைச் சுற்றி நார்த்திசு படிந்து, நாளடைவில் அது ஆடிவிடும் என்பதுதான் அன்றைய பாடம். டைட்டானியத்தின் மேலோ காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் படர்கிறது. எலும்பு செல்கள் அதை ஒதுக்காமல் அதன்மேலேயே எலும்பு கட்டுகின்றன.

1965இல் கோத்தன்பர்க்கில் கோஸ்டா லார்சன் என்பவர் முதல் நோயாளியானார். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர். கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகே மேலே பற்களைப் பொருத்தினார்கள். 2006இல் அவர் இறக்கும்வரை அந்தத் திருகுகள் நிலைத்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982இல் டொராண்டோவில் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டில் பல வருட முடிவுகள் வைக்கப்பட்ட பிறகே கதவு திறந்தது.

இதில் அவசரம் ஆகாது. துளையிடும்போது எலும்பின் சூடு ஒரு நிமிடம் 47 டிகிரியில் நின்றாலே எலும்பு கெடலாம். அதனால் உப்புநீர் ஊற்றி நிதானமாகத் துளைப்பார்கள். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்பது பிரோனெமார்க் வைத்த கணக்கு. எலும்பு உறுதியாக இருந்தால் இன்று அதற்கு முன்பே பல் பொருத்துவதும் உண்டு.

மும்பையில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. வாய்ப் புற்றை உண்டாக்கும் குட்காவை மகாராஷ்டிரம் 2012இல் தடை செய்தது, பழக்கம் ஒழியவில்லை. அந்தப் புற்றால் தாடையின் ஒரு பகுதியையே இழந்தவர்கள் பரேல் டாட்டா மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கால் எலும்பை எடுத்துத் தாடையாக வடிவமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. சாதாரண பல்செட் ஈறின் மேட்டைப் பிடித்து நிற்பது. இவர்களுக்கு அந்த மேடே இல்லை. புதிய எலும்பில் ஊன்றிய திருகுதான் பல்லுக்குப் பிடிமானம். கதிர்வீச்சு பட்ட எலும்பு என்றால் அதுவும் எளிதல்ல.

தாடைக் குறையுள்ள ஒருவருக்கு முதலில் பயன்பட்ட பொருள் இது. இன்று பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. செம்பூர்க் குடும்பம் யோசித்துச் செய்யும் செலவு, தாராவியின் ஓரறை வீட்டுக்கு எட்டாது. தாடை இழந்தவர் சோற்றை மென்று தின்பதும் புற்று சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்று கணக்கில் எடுத்தால்தான் இந்த நிலை மாறும்.