அணைத்து வைக்கப்பட்ட தமிழ்

2007 கோடை. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம், ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதிலிருந்த திருட்டு விண்டோஸ் வைரஸில் படுத்துவிட்டது. காலேஜ் நண்பன் ஒருவன் கொடுத்த லினக்ஸ் சிடியை ஏற்றினேன். பாட்டு வந்தது, படம் வந்தது, இன்டர்நெட்டும் வந்தது. பெரிய சாதனை செய்துவிட்ட மிதப்பில் இருந்தேன்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பாரே தவிர, அவருக்குப் படிப்பு என்றால் தமிழ்தான். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர், அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நம்ம ஊரப் பத்தி இதுல இன்னா போட்டுகீறாங்க, காட்டு."

வடிவுடையம்மன் கோயிலைப் பற்றி யாரோ எழுதிய பதிவு ஒன்றைத் திறந்தேன். ஊர்ப் பெயரே உடைந்து கிடந்தது. 'ரு' என்று சேர வேண்டிய இடத்தில் 'ர' தனியாக நிற்க, பக்கத்தில் ஒரு கொக்கி தொங்கியது. 'வொ'வின் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். 'சென்னை'யில் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னாடா, எழுத்தெல்லாம் பிச்சிகினு கீது? இது தமிழா?" அப்பா எழுந்துவிட்டார். "எனக்குப் பேப்பரே போதும்ப்பா."

லினக்ஸுக்குப் புதிதாக வந்த யாருக்கும் முதலில் தோன்றுவது, 'நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன்' என்பது. பிரௌசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். வீட்டு அடைவில் புள்ளியோடு ஒளிந்திருக்கும் அதன் அமைப்புக் கோப்புறையை அழித்தேன். எழுத்துக் குறியாக்கப் பட்டியலில் யூனிகோடு சரியாகத்தான் இருந்தது. தமிழ் எழுத்துருக்களையும் ஏற்றியாயிற்று. எதுவும் மாறவில்லை.

சலிப்பில், உடைந்த அந்த வரியை அப்படியே நகலெடுத்து, சாதாரண உரை எழுதும் மென்பொருளான ஜிஎடிட்டில் ஒட்டினேன். திருவொற்றியூர் முழுசாக வந்து நின்றது. அப்படியென்றால் உரையில் குறையில்லை, எழுத்துருவிலும் குறையில்லை. இரண்டையும் சேர்த்து வரையும் வேலையில்தான் ஏதோ நடக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதிலிருந்து, தமிழை இயந்திரத்தில் ஏற்றியவர்கள் எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் வரிசையைத்தான் பின்பற்றினார்கள். 'கெ' வேண்டுமா? அச்சுக் கோப்பவர் முதலில் கொம்பை எடுத்து வைப்பார், பிறகு 'க'. தட்டச்சுப் பொறியிலும் அதே வரிசை. 1990களின் இணையத் தமிழும் பெரும்பாலும் இதே வழியில்தான் வந்தது. டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் கொம்பு முன்னால், மெய் பின்னால். பிரௌசருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இங்கிலீஷ் மாதிரி இடமிருந்து வலமாக உருவங்களை அடுக்கினால் போதும். அந்தந்தத் தளத்துக்கான எழுத்துரு மட்டும் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரை முழுக்கக் கிறுக்கல். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

யூனிகோடு வேறு வழியில் போனது. 1991இல் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது இஸ்கி என்ற இந்தியத் தரத்தை ஒட்டி, உச்சரிப்பு வரிசையில் சேமிக்கச் சொன்னது. முதலில் 'க', அதன்பின் எகரக் குறி. தேடவும் வரிசைப்படுத்தவும் இது வசதி. ஆனால் திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க யாராவது வேண்டும். எழுத்தைக் கோக்கும் அந்த மென்பொருள் அடுக்கு லினக்ஸில் பாங்கோ. கிரேக்கத்தில் 'எல்லாம்', ஜப்பானியத்தில் 'மொழி', இரண்டும் சேர்ந்த பெயர். ஜிஎடிட் எழுத்தை பாங்கோவிடம் கொடுத்து வரைந்தது. பிரௌசர் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை? ஃபயர்ஃபாக்ஸின் 1.5, 2 பதிப்புகள் காலத்தில், மொஸில்லா தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் லினக்ஸ் பிரௌசரில் பாங்கோவே கிடையாது. சில லினக்ஸ் விநியோகங்கள் அதைச் சேர்த்துத் தொகுத்தன. அப்படிச் சேர்த்தவற்றிலும் பல இடங்களில் அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. பாங்கோ வழியாகப் போனால் பக்கம் மெதுவாக விரியும் என்பது காரணம். இங்கிலீஷ் படிப்பவருக்கு அந்தத் தாமதம் வீண். முனையத்தைத் திறந்து 'மோஸ்_எனேபிள்_பாங்கோ=1' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, அங்கிருந்தே பிரௌசரைக் கிளப்பினால் தமிழ் சரியாக வரும். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

அந்த வரியைக் கண்டுபிடிக்க எனக்கு 11 நாள் ஆனது. கண்டுபிடித்ததும் வந்தது சந்தோஷமா கோபமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. தமிழ் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது. சுவிட்சை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பியையும் சும்மா விடக் கூடாது. அதிலும் கண்ட்ரோல் பேனலுக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒரு டிக் அடித்து, நிறுவல் சிடியைப் போட்டால்தான் தமிழ் சரியாக வரும். உலகத்துக்கு நம் எழுத்து 'சிக்கலான எழுத்துமுறை'. நமக்கு அது ஒன்றாம் வகுப்பு.

இயந்திரத்தோடு மோதும்போது எழுத்துதான் வளைய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்ஜிஆர் அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகள் பழைய வடிவத்தை விட்டன. தேவையான மாற்றம்தான், அச்சுக்கும் தட்டச்சுக்கும் சுமை குறைந்தது. ஆனால் கொம்பு முன்னால்தான் நின்றது. அந்த மிச்சக் கணக்குதான் 30 வருஷம் கழித்து எங்கள் வீட்டுத் திரையில் உடைந்து விழுந்தது.

இந்த முறை வளைந்தது இயந்திரம். பல நாட்டுக்காரர்கள் விடாமல் வழுக்களைப் பதிந்தார்கள். 2008 ஜூன் 17இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3, லினக்ஸில் எல்லா எழுத்தையும் பாங்கோ வழியாகவே வரைந்தது. சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போனது.

இதே காலத்தில் அரசும் லினக்ஸ் பக்கம் வந்தது. உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியது. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் தெருவில் அந்தப் பாதியைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஊருக்குள் இருக்கிற கடையில் பணம் கொடுத்து அழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது உடைந்தால் யாரைக் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு 11 நாள் வீணடிக்க அவகாசம் இருந்தது. மாலையில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகும் பையனுக்கு அது இல்லை.

2007க்கே திரும்புகிறேன். அந்த வரியை அடித்த அன்று ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன். சேமிக்கும் வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு என்று விளக்கினேன். "எங்க வேலையும் அதானடா," என்றார். "மொதல்ல ஏத்துனது கடைசியாத்தான் எறங்கும். பிளான் கையில இல்லாதவன் எண்ணுனா கணக்கு பொறண்டுடும்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவை மெதுவாக, வாய் அசைய, கடைசி வரை படித்தார். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடித்ததும் திரையில் விரலை வைத்தார்.

"எவன்டா எழுதுனது? தேரோடுற தெரு பேரையே தப்பா போட்டுகீறான். அவனுக்கு ஒரு லெட்டர் போட முடியுமா இதுல?"