ஒரு பல்லின் விலை

வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் சீனியர் என்னை மனப்பாடம் செய்யச் சொன்னவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நான்கு பிரிவு எண்கள்: 323, 324, 325, 326. வரப்புத் தகராறோ குழாயடிச் சண்டையோ, அடிதடிக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் விழுவார்கள். கையால் அடித்துச் சாதாரண காயம் என்றால் 323; ஓராண்டு வரை சிறை. அதே காயம் கத்தியாலோ அரிவாளாலோ என்றால் 324, மூன்றாண்டு வரை. கொடுங்காயத்துக்கு 325, ஏழாண்டு வரை. ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 326; ஆயுள் தண்டனைக்கும் வழியுண்டு.

இந்தப் பிரிவினைக்கு அடித்தளம், அந்தச் சட்டத்துக்கு மெக்காலே என்ற ஆங்கிலேயர் எழுதிய வரைவு. 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கி, ஊட்டியில் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா போனவர், 1837இல் வரைவைக் கொடுத்தார். அது 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் ஒருவனை முடமாக்கிய குற்றத்தை அளந்த விதமே வேறு. அடிபட்டவனால் இனிச் சண்டை போட முடியுமா என்றுதான் அது பார்த்தது. முன்பல் போனால் அந்தக் குற்றம். மூக்கும் காதும் அறுபட்டால் இல்லை, அழகு மட்டும்தானே போயிற்று! இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு கொடுங்காயத்தை எட்டு வகையாக்கியது. கண், காது, மூட்டு, எலும்பு, பல் ஆகியவற்றோடு முகம் நிரந்தரமாக விகாரமாவதும் அதில் சேர்ந்தது. இருபது நாள் கடும் வேதனை, இருபது நாள் அன்றாட வேலை பார்க்க முடியாமை ஆகியவையும் சேர்ந்தன. ராஜாவின் சிப்பாயை அளந்த கோல், கூலிக்காரனின் பிழைப்பையும் அளக்கத் தொடங்கியது.

நடைமுறையில் எல்லாம் டாக்டர் காயச் சான்றிதழில் எழுதும் ஒரு வரியில் நிற்கும். 'சாதாரண காயம்' என்று எழுதினால் ஓராண்டு, 'கொடுங்காயம்' என்றால் ஏழாண்டு. அதனால்தான், விழுந்த பல் முன்பே ஆடிக்கொண்டிருந்ததா என்று எங்கள் சீனியர் குறுக்கு விசாரணையில் டாக்டரை விடாமல் குடைவார்.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 323 இப்போது 115(2). அதற்கான அபராத உச்சவரம்பு 1,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகியிருக்கிறது. 325 இப்போது 117(2). இருபது நாள் கணக்கு பதினைந்தாகக் குறைந்திருக்கிறது. எண்கள் மாறினாலும் அடிபட்டவர்களுக்கு நான் சொல்வது மாறவில்லை: அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வலிக்கிற இடத்தையெல்லாம் சொல்லிப் பதியச் செய்யுங்கள், எக்ஸ்ரே கேளுங்கள். பதிவாகாத முறிவு கோர்ட்டில் வெறும் வீக்கம்தான்.