மண்டயம் தந்த அரசின்மைவாதி

மேல்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தும், இல்லத்தில் தமிழை விடாத மண்டயத்தாரை மைசூர்த் தமிழராகிய நாம் நன்கறிவோம். அக்குடியின் திருமலாச்சாரியாரை மட்டும் அறியாதிருந்துவிட்டோம்.

1887-இல் சென்னையில் பிறந்தார்; பாரதியாரின் 'இந்தியா' இதழை நடத்தியவருள் ஒருவர். 1908-இல் அடக்குமுறை நெருங்கவே நாடு நீங்கி, இலண்டன் இந்தியா மாளிகையில் வ.வே.சு. ஐயரோடு பழகினார். மறு ஆண்டே போர்ப்பயிற்சி நாடி மொராக்கோ சென்று வெறுங்கையராய் மீண்டார். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி தோன்றியபோது அதன் தலைவர் அவரே! எம்.என். ராயோடு முரண்பட்டுச் சில திங்களிலேயே விலக்கப்பட்டார்.

பின்னர்ப் பெர்லினில் அவர் தழுவியது அரசின்மைக் கொள்கை. 'அராஜகம்' என்றால் கலவரம் என்றே நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆள்வோர் இன்றி மக்கள் தாமே கூடித் தொழிலையும் ஊரையும் நடத்துதலே அவர் கருதிய பொருள். அந்நியர் ஆட்சி போய் நம்மவர் ஆட்சி வந்தால் மட்டும் ஏழை விடுதலை பெறுவானா என்பது அவர் வினா. காந்தியடிகளின் அறப்போரையும் அவ்வினாவோடே மதித்தெழுதினார்.

1935-இல் பம்பாய் திரும்பினார். ஓவியராகிய உருசிய மனைவி மக்தா நாக்மன், 1951-இல் தம் கண்காட்சி திறக்கும் நாளிலேயே மறைந்தார். 1954-இல் வறுமையில் ஆச்சாரியாரும் மறைந்தார்.

அவர்தம் கட்டுரைகள் 2019-இல் ஆங்கிலத்தில் நூலாயின. அந்நூலை நடுவில் வைத்தே நம் வாசகர் வட்டம் கூடிற்று. அரசே வேண்டாம் என்பதற்கு உடன்பட்டோர் சிலரே. பேருந்தைத் தவறவிட்டோர் பலர்.