பிறரன்பு: மன்னார்க் கத்தோலிக்க மரபில்

பெறுபவரின் மதம், இனம், நடத்தை எதையும் பாராமல், கைம்மாறும் எதிர்பாராமல் நன்மை செய்வதே கிறிஸ்தவ ஒழுக்கத்தில் பிறரன்பு எனப்படுகிறது. 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தில், தாழ்வுபாடு, பேசாலை, வங்காலை முதலிய கத்தோலிக்க மீனவ ஊர்களும், எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊர்களும், திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த சைவ மரபும் அருகருகே உள்ளன. ஆகவே இங்கே பிறர் என்றால் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்தான்.

மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் பகைவரையும் நேசிக்கச் சொல்கிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்து உவமையில், அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் குருவும் லேவியரும் விலகிப் போகிறார்கள். யூதர் வெறுத்த சமாரியர் ஒருவர்தான் காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்து, சாவடியில் சேர்த்து, செலவுக்கும் பணம் கட்டுகிறார். பசித்தவருக்கு உணவு, அந்நியருக்கு இடம், நோயாளிக்குப் பணிவிடை, இறந்தவருக்கு அடக்கம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி இதை உடல்சார்ந்த ஏழு இரக்கச் செயல்களாக வகுத்திருக்கிறது.

இலங்கையில் பிறரன்புக்கு எடுத்துக்காட்டாக முதலில் சுட்டப்படுபவர் கோவாவைச் சேர்ந்த புனித யோசேவாஸ் அடிகள். கத்தோலிக்கம் ஒல்லாந்தரால் தடைசெய்யப்பட்டிருந்த 1687இல் அவர் மாறுவேடத்தில் இலங்கை வந்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு விலகினர். நோயாளிகளை உறவினரே கைவிட்டனர். அடிகளும் அவருடைய மருமகனான அருட்தந்தை கர்வாலோவும் அவர்களுக்குக் குடிசை போட்டு, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தனர். பராமரிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பௌத்தர். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டமளித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடு மாதா திருத்தலத்துக்கும் வந்து சென்றார்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் மடுவின் காட்டுவளாகம் ஆயிரக்கணக்கான அகதிகளின் இருப்பிடமாயிற்று. 1990 முதல் ஐ.நா. அகதிகள் அமைப்பும் அங்கே நிவாரண நிலையம் நடத்தியது. திருத்தலமும் பாதுகாப்பாக இருக்கவில்லை: 1999 நவம்பரில் அங்கு விழுந்த எறிகணைகளால் நாற்பது பேரளவில் இறந்தனர். மக்களோடு நின்றதற்குக் குருக்களும் விலை கொடுத்தார்கள். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் 1985 ஜனவரி 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

கத்தோலிக்கப் பொதுமக்களுக்கான சோதனை 1990 ஒக்டோபரில் வந்தது. வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டுமென்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். மன்னார்த் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கத்தோலிக்கர் அதை எதிர்த்துப் பேசினர். அயலவரின் சாமான்களைப் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுசெல்ல உதவவும் முயன்றனர். புலிகள் எருக்கலம்பிட்டியைச் சுற்றி அடைத்து, உதவிக்கு வந்த கத்தோலிக்கரை உள்ளே விடவில்லை. ஊரார் கடற்கரையில் குடிதண்ணீருமின்றிக் காத்திருந்து, படகுகளில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆயுதம் ஏந்தியவர்களோ கத்தோலிக்கரின் சொந்த இனத்தவர். எதிர்ப்பு வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை. ஆனாலும் எதிர்ப்பு இருந்தது என்பதை அக்காலப் பதிவுகள் குறித்து வைத்திருக்கின்றன.

அமைதிக் காலத்தில் இந்தப் பணி நிறுவனங்களின் கைக்குப் போகிறது. கரித்தாஸ் வலையமைப்பைச் சேர்ந்த வாழ்வுதயம் மறைமாவட்டத்தின் சமூகப் பணிகளைக் கவனிக்கிறது. 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு, 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னே, போரின் இறுதிக் கட்டத்தில் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

மரபு எப்போதும் காப்பாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. 2019 மார்ச் 3, சிவராத்திரிக்கு முந்தின நாள், திருக்கேதீச்சர வீதியில் நாட்டிய அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். போருக்குப் பின் திரும்பிய முஸ்லிம்களின் குடியேற்றக் காணிகளைப் பற்றியும் மனக்கசப்புகள் எழுந்தன.

மன்னார்த் தீவின் தென்கரையில் மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் தாழ்வுபாட்டில் சோதனை கடலிலிருந்து வருகிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன படகைக் கண்டால், அது யாருடையது என்று கேளாமல் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வருவது மீனவர் வழக்கம். ஆனால் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் மன்னார் மீனவரின் வலைகளை அறுத்துப் போகின்றன. இலங்கை நாடாளுமன்றம் 2017இல் அடிமடி இழுவைத் தொழிலுக்குத் தடை விதித்த பின்னும் அவை வருகின்றன. அந்தப் படகுகளில் தொழில் செய்பவர்களில் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் போன்ற ஊர்களின் கத்தோலிக்கரும் உண்டு. தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரை மீனவரும் படகேறிப் போய், ஒரே பூசையில் கலந்துகொள்கிறார்கள்.