பழுகாமத்துப் பழைய மோட்டார் சைக்கிள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வெளிகளினூடே அமைந்த பழுகாமத்தில், மாட்டின் பல்லையும் சுழியையும் பார்த்து விலைபேசிய உழவர் பரம்பரைக்கே பழைய மோட்டார் சைக்கிளைப் பரீட்சிக்கும் வித்தையும் பிற்காலத்தில் வாய்த்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்திற்குப் பின் ஜப்பானிய வண்டிகள் இலங்கையெங்கும் பெருகின. அவற்றுள் ஹொண்டா எம்.டி. 90, ஜப்பானியத் தபாற்காரருக்கென உருவானதாயினும், நம் கிராமத்துச் செம்மண் பாதைகளிலும் சலியாது உழைத்தது.

இப்பகுதியில் 2007 வரை நீடித்த யுத்த நெருக்கடியில் எரிபொருளும் உதிரிப்பாகமும் வாவியைக் கடந்து வருவதே அரிதாயிருந்தமையால், கிடைத்த பாகத்தைக் கிடைத்த வண்டியில் பொருத்துவது தவிர்க்கவொண்ணாததாயிற்று. ஆகவே இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று சோதிப்பதே எனது கருத்தில் முதற் கருமமாகும்.

அனுபவஸ்தர் உதைப்பதற்கு முன்னரே இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பர். அது சூடாயிருப்பின், குளிர்ந்த நிலையில் எளிதில் இயங்காத குறையை மறைக்க விற்பவர் முன்னதாகவே ஓட்டிவைத்தார் என்று ஐயுறுவர். பின்னர் சைலன்சரில் நீலப்புகை எழுமாயின், எண்ணெய் எரிகிறதென்பது தெளிவு; பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். உவர்க்காற்று உலவும் வாவிக்கரையில் மட்கார்டின் அடிப்புறத்தையும் சில்லுக் கம்பிகளின் வேரையும் விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். புதுச்சாயம் துருவை மறைத்துவிடும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை பன்மடங்கு ஏறிற்று. வாங்குபவர் பெயரை எழுதாமல் ஒப்பமிட்ட வெற்றுப் பத்திரத்தோடு வண்டி கைமாறும் வழக்கமோ இன்னும் ஒழியவில்லை. லீசிங் கடன் எஞ்சியிருக்கும் வண்டியை அவ்வாறு வாங்கும் ஏழை விவசாயி, பணத்தையும் வண்டியையும் ஒருங்கே இழக்க நேரிடுகிறது.